பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா தன் கையால் காபி போட முடியுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 63. ஐந்து மாதங்களுக்கு முன்பு மூளையின் வலது பாதியில் ரத்தக் குழாய் அடைபட்டு, இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வருகிறார். கைத்தடி ஊன்றி அம்மா இப்போது வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது எல்லாம் என் மனைவியும், பகலில் வரும் உதவியாளர் அம்மாளும்தான். தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிடுகிறார். நடக்கும்போது நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்கிறார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் கோபம் வருகிறது. உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் வர மறுக்கிறார். நரம்பியல் மருத்துவர் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வயதில் அம்மாவுக்கு எதற்குத் தொழில் பயிற்சி? ஐந்து மாதம் கடந்த பிறகு பலன் உண்டா? காலையில் டிகாக்‌ஷன் போட்டு எல்லோருக்கும் காபி கொடுத்தவர், “நான் எதற்கு இருக்கிறேன்” என்று அழுகிறார். ஆனால் அடுப்படிக்கு விடவும் பயமாக இருக்கிறது. — ஒரு மகன், பெரம்பூர்.

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகள் என்னை அதிகம் நிறுத்தின. தட்டில் பாதி மிஞ்சுவது, தோள் கதவில் இடிப்பது, தண்ணீர் என்றால் கோபம் வருவது ஆகிய மூன்றையும் நீங்கள் பிடிவாதம் என்றோ மனச்சோர்வு என்றோ எடுத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது என்றாலும், முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்.

அடுத்த வேளை சாப்பாட்டின்போது மிஞ்சுவது எந்தப் பாதி என்று கவனியுங்கள். தட்டின் வலப்பக்கம் துடைத்ததுபோல் காலியாகவும், இடப்பக்கத்துப் பொரியலும் கூட்டும் வைத்தது வைத்தபடியும் இருந்தால், அவர் பசியில்லாமல் ஒதுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு எட்டவில்லை. மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இது நேர்கிறது. கண்ணில் குறை இல்லாதபோதும், இடப்பக்கத்து உலகைக் கவனிக்க வேண்டும் என்ற உணர்வை மூளை இழந்துவிடுகிறது. அதனால்தான் கதவின் இடது நிலை அவருக்கு இல்லாததாகிவிடுகிறது. “பார்த்து நடக்கக் கூடாதா?” என்று கேட்பதில் பயனில்லை. பார்க்கத் தவறுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பாதிப்புடன் என்னிடம் வந்த ஒரு பாட்டி, தினமும் வாசலில் கோலமிட்டுப் பழகியவர். மேசைமேல் கரும்பலகையை வைத்து, ஏழு புள்ளிக் கோலம் ஒன்றைப் போடச் சொன்னேன். சுண்ணக்கட்டியைப் பிடித்த வலது கை கொஞ்சமும் தடுமாறவில்லை. வளைவுகள் அச்சில் வார்த்ததுபோல் வந்தன. நடுப்புள்ளியைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, “முடிந்தது” என்று என்னைப் பார்த்தார். பலகையின் இடது பாதி வெறுமையாக இருந்தது. உடன் வந்த மகள் அழுதுவிட்டார். அதுவரை தாயார் வேண்டுமென்றே எரிச்சலூட்டுகிறார் என்று அவர் நினைத்திருந்தார். பலகையின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, “முதலில் சிவப்பைத் தேடுங்கள், அங்கிருந்து புள்ளி வையுங்கள்” என்று சொல்லித்தான் அந்தப் பாட்டியின் பயிற்சியைத் தொடங்கினோம்.

அதே முறையை நீங்கள் இன்றே வீட்டில் தொடங்கலாம். சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்திலும், அவர் அடிக்கடி இடித்துக்கொள்ளும் நிலையின் இடது சட்டத்திலும் அகலமான சிவப்பு நாடாவை ஒட்டுங்கள். சாப்பிடும்போது, “சிவப்பு எங்கே?” என்று ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு, அவர் தலையைத் திருப்பித் தேடும்வரை பொறுங்கள். நாளடைவில் நீங்கள் கேட்காமலே தேடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர்கள் இடப்பக்கமாக உட்காருங்கள். ஆனால் தண்ணீர், அழைப்பு மணி, கைப்பேசி போன்ற அவசரத்துக்கு வேண்டியவை இப்போதைக்கு வலப்பக்கமே இருக்கட்டும். கற்பதற்கு உரியதை இடப்பக்கமும், பாதுகாப்புக்கு உரியதை வலப்பக்கமும் வைப்பது ஒரு நல்ல கணக்கு.

இனி தண்ணீர். இது சங்கடமான பேச்சு என்பதால் எந்த வீட்டிலும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். நம் வழக்கத்தில் கழிவறையில் கழுவுவது இடது கையால். உண்பது வலது கையால். இடது கை செயலிழந்த ஒருவருக்கு இருப்பது இரண்டே வழிகள்: சாப்பிடும் கையாலேயே கழுவுவது, அல்லது மருமகளிடமோ வெளியாளிடமோ அந்த உதவியைக் கேட்பது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஒழுங்கில் வாழ்ந்த பெண்மணிக்கு இரண்டுமே தாங்க முடியாதவை. எத்தனை முறை எழ வேண்டியிருக்குமோ என்று அஞ்சி, தண்ணீரையும் உணவையும் குறைத்துக்கொள்ளும் பலரை நான் பார்த்திருக்கிறேன். விசேஷத்துக்கு வர மறுப்பதற்கும், அங்கே கழிவறை எப்படி இருக்குமோ என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

இதற்குத் தீர்வு எளியது. மேற்கத்திய முறைக் கழிப்பிடத்தின் வலப்பக்கச் சுவரில், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் கைத்தெளிப்பான் குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். உட்காரும் இருக்கைக்கு அடியில் பொருத்தி, குமிழைத் திருகினால் நீர் பீய்ச்சும் அமைப்பும் கடைகளில் கிடைக்கிறது. அதில் கையே படாது. சோப்புக் கட்டிக்குப் பதிலாக, அழுத்தினால் திரவம் வரும் புட்டியை வையுங்கள். எழுவதற்கு வலப்பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். இவற்றைப் பொருத்திய பிறகு, உங்கள் மனைவி தனிமையில் அவரிடம், “இனி நீங்களே பார்த்துக்கொள்ளலாம் அத்தை” என்று சொல்லிப் பார்க்கட்டும். தண்ணீர் குடிக்கும் அளவில் மாற்றம் தெரிகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால், விழுங்குவதில் சிரமமோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். ‘ஆக்குபேஷன்’ என்பதைத் தொழில் என்று மொழிபெயர்த்ததால் வந்த குழப்பம் இது. ஒரு மனிதரின் நாளை நிறைக்கும் எல்லாச் செயல்களையும் குறிக்கும் சொல் அது. பல் துலக்குவது, புடவை கட்டுவது, காபி ஆற்றுவது, பேரனுக்குச் சாதம் ஊட்டுவது, கோயிலுக்குப் போவது எல்லாம் அதில் அடங்கும். இந்தியாவில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளி 1950-ல் மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையாரின் முயற்சியால் தொடங்கியது. ஆனாலும் இந்தத் துறையை நம் மக்கள் இன்னும் சரிவர அறிந்திருக்கவில்லை.

பிசியோதெரபி தசையின் வலுவையும் மூட்டின் அசைவையும் நடையையும் மீட்கிறது. அந்த வலுவையும் நடையையும் கொண்டு அவர் குளியலறைக்குப் போய், கதவைச் சாத்தி, குளித்து, உடுத்தித் திரும்புவதற்கான வழியை அமைப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளான எங்கள் வேலை. அதற்காக நோயாளியின் திறனை வளர்க்கிறோம். செய்யும் முறையை மாற்றுகிறோம். செய்கிற இடத்தையும் பொருளையும் மாற்றுகிறோம். இரண்டு சிகிச்சைகளும் சேர்ந்தே நடக்க வேண்டியவை. இப்போது வரும் பிசியோதெரபிஸ்டை நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்து மாதம் கடந்துவிட்டதே என்ற கவலைக்கு நேர்மையான பதில் தருகிறேன். பக்கவாதத்துக்குப் பின் உடலின் மீட்சி முதல் சில மாதங்களில்தான் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும். உங்கள் தாயாரின் இடது கை முன்போல் முழுமையாகத் திரும்பும் என்று என்னால் உறுதி கூற முடியாது. விரல்கள் இன்னும் அசையத் தொடங்கவில்லை என்றால் எதிர்பார்ப்பைச் சற்று அடக்கியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கை திரும்புவது வேறு, காரியம் திரும்புவது வேறு. கை பாதியளவே மீண்ட பலர், முழுக் காரியத்தையும் தாமே செய்யப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஐந்து மாதம், ஓராண்டு என்ற கெடு எதுவும் இல்லை. நல்ல கையைக் கட்டிவைத்து, விழுந்த கையை வேலை வாங்கும் சிகிச்சை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, வீட்டிலேயே துணியால் கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமாகத் தூக்க முடிந்தவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத் தக்கது அது. கைத்தடி ஊன்றி நடப்பவரின் நல்ல கையைக் கட்டினால் அவர் விழுவார். தயவுசெய்து முயல வேண்டாம்.

குளியலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னை அடுக்குமாடி வீடுகளின் குளியலறை சிறியது. அதற்குள் லாரித் தண்ணீர் பிடித்துவைத்த டிரம்மும் இரண்டு மூன்று வாளிகளும் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள். வாசலில் உயர்ந்த படி இருந்தால், அதைக் கடக்கும் இடத்தில் வலது கைக்கு எட்டுமாறு சுவரில் கம்பி பொருத்துங்கள். உள்ளே போகும்போது வலப்பக்கம் இருந்த சுவர் வெளியே வரும்போது இடப்பக்கமாகிவிடும் என்பதால், கம்பி இரு பக்கமும் வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. காற்றழுத்தத்தில் ஒட்டும் கைப்பிடிகளையும் நம்ப வேண்டாம். சுவரில் துளையிட்டுத் திருகாணியால் முடுக்கியதே பாதுகாப்பு. கால்களில் ரப்பர் பொருத்திய, சாய்மானமும் கைப்பிடியும் உள்ள நாற்காலியில் உட்கார்ந்தே குளிக்கட்டும். வாளியைத் தரையில் வைத்தால் குனிய வேண்டும், குனிந்தால் சரிவார். ஆகவே வாளியை வலப்பக்கம் ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். தண்ணீரின் சூட்டை எப்போதும் வலது கையால்தான் பார்க்க வேண்டும். இடது கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொதிக்கும் நீர்கூட அதற்குத் தெரியாது.

வலது கையால் உடல் முழுவதும் தேய்த்துக்கொள்ளலாம்; அந்த வலது கையை எதால் தேய்ப்பது? எல்லோரும் இந்த இடத்தில்தான் உதவியாளரைக் கூப்பிடுகிறார்கள். சோப்பு நுரைத்த ஒரு துண்டைத் தொடையின்மேல் விரித்துக்கொண்டு, வலது முன்கையை அதன்மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் போதும். அந்தக் கைக்கும் குளியல் ஆகிவிடும். முதுகுக்கு நீண்ட பிடியில் கட்டிய பீர்க்கங்காய் நார். சோப்பு நழுவாமலிருக்க, ஒரு வலைப்பையில் போட்டு நாற்காலியின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு உங்கள் மனைவியோ உதவியாளரோ உள்ளேயே இருக்கட்டும். பிறகு கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு, குரல் கேட்கும் தூரத்தில் நிற்கட்டும்.

உடுத்துவதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: போடும்போது இடது கை முதலில், கழற்றும்போது இடது கை கடைசியில். ரவிக்கையின் கொக்கிகளுக்குப் பதில் வெல்குரோவும், பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக்கும் தைத்துத் தரச் சொல்லலாம். மடிப்புகளை முன்பே தைத்துவைத்த புடவையை ஒற்றைக் கையால் சுற்றிக்கொள்ள முடியும். விசேஷத்துக்கு வர மறுப்பவர் புடவையில் தன்னைக் கண்ணாடியில் பார்த்த பிறகு என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

இப்போது காபி. அன்றாடச் செயல்களை நோயாளி எவ்வளவு தாமே செய்கிறார் என்று அளக்க, மருத்துவமனைகளில் பார்த்தெல் அளவீடு என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறோம். 1965-ல் வெளியான அது உண்பது, குளிப்பது, படியேறுவது போன்ற 10 செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் வைத்திருக்கிறது. குளியலுக்கு அதில் 5 மதிப்பெண். காபி போடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் “நான் எதற்கு இருக்கிறேன்” என்று உங்கள் தாயார் அழுதபோது, வீட்டுக்கே காபி கொடுத்த அந்தக் காலை வேளையை எண்ணித்தான் அழுதிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆகவே அவருடைய சிகிச்சைக் குறிப்பில் நான் முதல் வரியில் எழுதுவது காபியைத்தான்.

உங்கள் பயம் நியாயமானது. இடப்பக்கக் கவனம் திரும்பும்வரை கேஸ் அடுப்பு வேண்டாம். இடப்பக்க பர்னர் எரிவதே அவர் கண்ணில் படாமல் போகலாம், புடவைத் தலைப்பு அதில் விழலாம். ஆனால் அடுப்பு வேண்டாம் என்பதற்காகக் காபியே வேண்டாம் என்று ஆகிவிடாது. சாப்பாட்டு மேசையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவருக்கு வலப்பக்கம் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை வையுங்கள். ஃபில்டரின் அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் அது நழுவாது. மேல்தட்டில் பொடியைப் போட்டு அழுத்த ஒரு கை போதும். பால் பாக்கெட்டை ஓர் உயரமான சொம்புக்குள் நிறுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டினால், பிடிக்க இரண்டாவது கை தேவையில்லை. டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு மேல்தட்டைக் கழற்றுவதுதான் சிக்கல்: இறுகிக்கொண்ட ஃபில்டருக்கு இரு கைகளும் வேண்டும். முதலிலேயே தளர்வாகப் பொருந்தும் ஃபில்டராகப் பார்த்துக்கொள்வது ஒரு வழி. சூடான பாலைப் பாத்திரத்தோடு தூக்கி ஊற்றாமல், கரண்டியால் மொண்டு டம்ளரில் விடட்டும். டபராவில் ஆற்றுவதை இப்போதைக்கு நீங்கள் செய்யலாம். முதல் நாட்களில் கொதிநீரையும் பாலையும் நீங்கள் கையாண்டுவிட்டு, பொடி போடுவதையும் கலக்குவதையும் அவரிடம் விடுங்கள். ஒவ்வொரு படியாக அவர் கைக்கு மாற்றிக்கொண்டே போகலாம். அந்த நேரம் முழுவதும் இடது கை மடியில் தொங்காமல் மேசைமேல் இருக்க வேண்டும். துணியை அமுக்கிப் பிடிக்கும் பாரமாகவாவது அது வேலையில் பங்கேற்கட்டும்.

இதில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. அது காத்திருப்பது. நீங்கள் நான்கு பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் முடிப்பதை அவர் முக்கால் மணி நேரம் செய்வார். கொக்கியோடு மல்லாடும் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், பாசத்தால் நாமே போட்டுவிடுகிறோம். அப்படிப் போட்டுவிடும் ஒவ்வொரு முறையும் அவருடைய மூளை ஒரு பயிற்சியை இழக்கிறது. அதற்காகக் கைகட்டி நின்று அவரைத் தவிக்கவிடவும் சொல்லவில்லை. முதலில் பொறுங்கள், பிறகு சொல்லால் நினைவூட்டுங்கள், பிறகு கையைத் தொட்டு வழிகாட்டுங்கள், இவையெல்லாம் பலிக்காதபோது மட்டும் செய்துவிடுங்கள். உதவியாளர் அம்மாளுக்கும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். தாம் சும்மா நிற்பதைக் கண்டால் வீட்டார் குறை சொல்வார்களோ என்று அஞ்சித்தான் பெரும்பாலும் அவர்கள் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு செய்கிறார்கள். அலுவலகமும் பள்ளியும் அவசரப்படுத்தும் காலையில் தொடங்காமல், மாலைக் காபியில் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அவர் தலையில் சுமத்திவிடவும் வேண்டாம். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. குளியலைத் தானே முடித்தால் நாள் முழுவதும் படுத்துவிடுகிறார் என்றால், “குளிக்க உதவி செய்யுங்கள், காபியை நான் போடுகிறேன்” என்று அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். எதற்கு உதவி வாங்குவது என்று அவரே முடிவு செய்வதையும் நான் சுதந்திரம் என்றுதான் கருதுகிறேன். அழுகை நாள்தோறும் தொடர்ந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, காபியில்கூட நாட்டம் வரவில்லை என்றாலோ நரம்பியல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அதற்கு மருந்து உண்டு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அவரை எழுப்பும்போது இடது கையைப் பிடித்தோ, அக்குளில் கைகொடுத்தோ யாரும் தூக்கக் கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு இறங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் வலிக்கும். கயிறும் கப்பியும் மாட்டி அந்தக் கையை மேலே இழுக்கும் பயிற்சியும் வேண்டாம். உட்காரும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை எப்போதும் இருக்கட்டும்.

சென்னையில் கே.கே. நகர் அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும், முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. பெரம்பூரிலிருந்து இரண்டும் தொலைவுதான். தனியாரிடம் போவதானால், சிகிச்சை தருபவர் பி.ஓ.டி. என்ற ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். ஒரு முறையாவது வீட்டுக்கு வந்து குளியலறையையும் சமையலறையையும் பார்ப்பாரா என்றும் கேளுங்கள். வீட்டைப் பார்க்காமல் விரலுக்கு மட்டும் பயிற்சி தருபவரிடம் நெடுநாள் செலவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றால் அரசு உதவிகள் சிலவற்றைக் கோர முடியும். அதையும் அங்கேயே விசாரியுங்கள். வெளியே போகும் தைரியம் வந்தபின் ஒரு மாலை அவரை மெரினாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதையில் சக்கர நாற்காலியிலேயே அலை அருகே போகலாம்.

முதல் சந்திப்புக்குப் போகுமுன், அம்மாவிடம் நீங்கள் தனியாக உட்கார்ந்து, “உங்கள் கையால் மறுபடியும் செய்ய வேண்டும் என்று நினைப்பது எது?” என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காபி என்று நான் ஊகித்தது தவறாகவும் இருக்கலாம். குளியலறைக் கதவின் அகலம், வாசற்படியின் உயரம், கழிப்பிட இருக்கையின் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காபி என்றே சொன்னால், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இத்தனை ஆண்டுகளாக அவர் புழங்கிய ஃபில்டரையே ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.